கழுதை முகத்தில் மை படாமல்

மேஜை மேல் ஆறு தபால்தலைகள் கிடந்தன. ஆறிலும் ஒரே கழுதை. பழைய கார்ட்டூன் படங்களில் வருமே, வெயிலில் குடையை விரித்துக்கொண்டு மழை வந்ததும் மடக்கி அக்குளில் இடுக்கிக்கொள்ளும் குடைக் கழுதை, அதுதான். ஒவ்வொரு தலையின் மூலையிலும் தபால் முத்திரையின் ஓரம் நகக்கண் அளவுக்கு ஒட்டியிருந்தது. படவரைஞர் அந்த ஓரங்களை மெல்லிய டிரேசிங் தாளில் பிரதி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, ஓர் எண்ணை உண்டாக்கியிருந்தார். தாளை இப்படிப் பிடித்தால் 6818. அதையே தலைகீழாகத் திருப்பினால் 8189. இரண்டில் எது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவர். இப்போது மணி ஒன்று. தாள்தான் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர விடை வரவில்லை.

எண் தெரிந்தால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் தங்கையைக் கூட்டி வரலாம். செவ்வாய்க்கிழமை காலை அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே பிடியாய்ப் பிடித்திருந்தாள்.

"பாப்பா முகத்தைப் பாக்காம நான் கத்திக்குப் போக மாட்டேன். கையெழுத்துன்னு எவனும் வராதீங்க, கைநாட்டு வெக்க மாட்டேன்."

பெரிய டாக்டர் வெளியூர்க்காரர். இந்தச் செவ்வாயை விட்டால் ஒன்றரை மாதம் கழித்துத்தான் வருவார். அதுவரை அந்த இருதயம் தாங்குமா என்று கேட்டதற்குச் சின்ன டாக்டர் சீட்டைப் புரட்டினார். படவரைஞருக்கு அதுவே பதிலாக இருந்தது.

தங்கையின் முகவரி அண்ணனுக்குத் தெரியாதா என்று யாரும் கேட்பார்கள். தெரிந்துதான் இருந்தது, ஒவ்வொரு தடவையும் ஒரு பத்து நிமிஷத்துக்கு. தங்கையின் வீட்டுக்காரர் பாலம் கட்டும் மேஸ்திரி. ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஆறு, அடுத்த முகாம், அடுத்த ஊர். அதனால் அவள் கடிதம் போடும்போதெல்லாம் உறையின் பின்பக்கம் அப்போதைய முகவரியை எழுதுவாள். அண்ணன் உடனே ஒரு கார்டில் அந்த முகவரியைப் பார்த்து எழுதிப் பதில் போட்டுவிடுவார். அதன் பிறகு உறைக்கு என்ன வேலை? தபால்தலை இருக்கும் மூலையைக் கத்தரித்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவார். மேஸ்திரி வேலை பார்த்த கம்பெனியும் மூடிப்போய், இப்போது சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்கிறார் என்று கேள்வி. கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு ஆள் இல்லை. அடுத்துப் போகிற பாலம் மூன்று வருஷ வேலை என்று மட்டும் அவள் எழுதியிருந்தாள். எழுதி எழுதிப் பழகியதில் கைக்கு ஞாபகமிருந்தது 'பாலம் முகாம், ஆற்றங்கரைச் சாலை' என்கிற ஒரு வரிதான். பாலம் கட்டுகிறவன் ஆற்றங்கரையில் இல்லாமல் மலை உச்சியிலா இருப்பான்?

கத்தரித்த மூலையை அவர் என்ன செய்வார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தட்டையான பீங்கான் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர். அதில் துண்டைப் படம் மேலே இருக்கும்படி மிதக்கவிட வேண்டும். தண்ணீர் காகிதத்தின் அடியிலிருந்து ஊறி ஏறி, பசையைத் தொட்டு, இளக்கும். கால் மணி நேரத்தில் தலையும் காகிதமும் தாமாகவே வழுக்கிப் பிரியும். அவசரப்பட்டு உரித்தால் காகிதத்தோடு தலையின் முதுகும் கிழிந்து வரும். பிரிந்ததை மை உறிஞ்சும் தாள்கள் இரண்டுக்கு நடுவில் குப்புற வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்று. மறுநாள் எடுத்தால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். ஆல்பத்தில் ஒட்டி, அடியில் பென்சிலால் வந்த தேதியைக் குறித்துவிடுவார். இப்படி நூற்று நாற்பது கழுதைகள்.

"வீட்டுக்கு ஒண்ணு போதாதா?" என்று அவர் மனைவி கேட்பாள்.

உபயோகித்த தலைகளைச் சேர்க்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. முத்திரை முழுதாக, நடுவில், ஊர் பெயரும் தேதியும் தெரிய விழவேண்டும் என்பவர்கள் ஒரு கட்சி. படம்தான் முக்கியம், முத்திரை ஓரமாகத் தொட்டும் தொடாமலும் போகவேண்டும் என்பவர்கள் இன்னொரு கட்சி. படவரைஞர் இரண்டாம் கட்சியில் தீவிரவாதி. முதல் உறையிலேயே கழுதையின் மூக்கில் கறுப்பு வட்டம் விழுந்திருந்ததைப் பார்த்து, தங்கைக்குக் கண்டிப்பாக எழுதினார்: 'கழுதை முகத்தில் மை படக் கூடாது. கவுண்டரில் சொல்லி மூலையில் மட்டும் குத்தச் சொல். பெட்டியில் போடாதே, கையில் கொடு.'

அவள் அப்படியே செய்தாள். நகரத்துத் தபால் நிலையங்களில் வெளியான அன்றே தீர்ந்துபோகும் கழுதைத் தலைகள் முகாம்களுக்குப் பக்கத்துச் சின்னத் தபால் நிலையங்களில் வருஷக்கணக்கில் விற்காமல் கிடக்கும். அதைத் தேடி வாங்கி, ஒட்டி, வரிசையில் நின்று, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கெஞ்சுவாள். ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள்: 'இன்னிக்கு கவுண்டர்க்காரர் கேட்டார், ஏம்மா, கழுதைக்கு இவ்வளவு உபசாரம் பண்றியே, உங்க வீட்டு மாப்பிள்ளையாம்மான்னு. எங்க அண்ணனுக்குச் சொந்தம் சார்னு சொன்னேன். ஆபீசே சிரிச்சுது.'

அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது அவருக்கு எதிராகவே திரும்பிவிட்டது. அவர் கேட்டபடி மூலையில் மட்டும் குத்திக் குத்தி, ஊர் பெயர் விழ வேண்டிய முத்திரை முழுக்க உறையின் மேல் விழுந்திருந்தது. உறை குப்பைக்குப் போனது.

முத்திரை என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். நடுவில் தேதி. இரண்டு வட்டத்துக்கும் இடையில் ஒரு வளைந்த பாதை. அந்தப் பாதையின் ஒரு பாதியில் ஊர் பெயர், எதிர்ப் பாதியில் தபால் நிலையத்தின் நான்கு இலக்க எண். குத்துகிறவர் கை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கோணத்தில் இறங்குவதால், மூலையில் விழும் துண்டும் ஒவ்வொரு முறை ஒவ்வொன்று. தங்கை கடைசியாக இருந்த முகாமிலிருந்து வந்தவை மூன்று உறைகள், உறைக்கு இரண்டு தலை. ஆறில் மூன்றில் வெறும் கோடு. மற்ற மூன்றில் இரண்டிரண்டு இலக்கங்கள். வெளி வட்டத்தின் கோடு எல்லாவற்றிலும் அடிப்பக்கம் இருக்கும்படி வைத்தால் 68, 81, 18. ஒன்றின் வால் மற்றதன் தலையில் பொருந்தும்படி அடுக்கினால் 6818.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் வெளிக்கோடு அடிப்பக்கம்தான் இருக்கும் என்று யார் சொன்னது? எண் முத்திரையின் கீழ்ப் பாதியில் இருந்தால் இலக்கங்களின் கால் வெளிக்கோட்டைப் பார்க்கும். மேல் பாதியில் இருந்தால் தலை வெளிக்கோட்டைப் பார்க்கும். இரண்டு விதமாகவும் முத்திரைகள் உண்டு. அவருடைய அலமாரியிலேயே தபால் நிலைய எண் பட்டியல் புத்தகம் இருந்தது. அதில் 6818 இருந்தது, 8189-ம் இருந்தது. முதலாவது வடகோடி, இரண்டாவது தென்கோடி. இரண்டும் ஆற்றங்கரை ஊர்கள். நாலோ ஏழோ ஒன்றே ஒன்று இருந்திருந்தால் போதும், தலைகீழாக நின்றால் காட்டிக்கொடுத்திருக்கும். இங்கே இருந்ததோ, குப்புற விழுந்தாலும் எண்ணாகவே எழுந்திருக்கிற கூட்டம். ஒன்று என்பது வெறும் கோடு. ஆறு திரும்பினால் ஒன்பது. எட்டு திரும்பினால் எட்டு.

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு ரயில்களும் எதிரெதிர்த் திசையில் புறப்படும். போக ஒரு ராத்திரியும் அரைப் பகலும், வர அதே அளவு. சரியான ரயிலில் ஏறினால் திங்கட்கிழமை மதியம் தங்கையோடு திரும்பிவிடலாம். தப்பான ரயில் என்றால் செவ்வாய்க்கிழமை போய்விடும்.

"தந்தி கொடுத்துடலாமா, ரெண்டு ஊருக்கும்?" என்று மனைவியைக் கேட்டார்.

அவள் அவருடைய மேஜை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தாள். மடித்த மூன்று தாள்களை எடுத்து நீட்டினாள்.

"இது அந்தக் கடைசி மூணு கவர்ல வந்த லெட்டர்தானே? இதுல ஏதாவது அட்ரஸ் இருக்கா பாருங்க."

"லெட்டர்ல அவ அட்ரஸ் எழுத மாட்டா. கவர் பின்னாடிதான் எழுதுவா."

"ஊரைப் பத்தி ஏதாவது எழுதியிருப்பாளே. நீங்க படிச்சீங்கல்ல?"

அவர் டிரேசிங் தாளைத் திருப்பினார். "அப்புறம் படிக்கலாம்னு வெச்சேன்."

மனைவி முதல் தாளைப் பிரித்தாள். முன்னும் பின்னும் பார்த்தாள். இரண்டாவதைப் பிரித்தாள். மூன்றாவதைப் பிரித்துவிட்டு மூன்றையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். மூன்றும் வெள்ளைத் தாள்கள். ஓர் எழுத்து இல்லை. 'அன்புள்ள அண்ணா' கூட இல்லை. நாலாக மடித்த மடிப்பு மட்டும் சிலுவை மாதிரி இருந்தது.

"மை மங்கிப் போச்சா?"

அவர் ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பேனா அழுத்திய பள்ளம்கூட இல்லை. எழுதினால்தானே மங்குவதற்கு.

"என்னங்க இது, வெறும் பேப்பரை மடிச்சு அனுப்பியிருக்கா, ஒண்ணு இல்ல, மூணு தடவை. நீங்க அதுக்கு என்ன பதில் போட்டீங்க?"

என்ன பதில் போட்டார் என்பது அவருக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகமிருந்தது. 'இந்த முறை முத்திரை பிரமாதமாக விழுந்திருக்கிறது. இதே மாதிரி தொடரவும்.' இரண்டாவதற்கு, 'இடது தலையில் மை சற்று அதிகம். கவனிக்கவும்.' மூன்றாவதற்கு, 'இரண்டும் அருமை.' அதற்குப் பிறகு பதினான்கு மாதமாக உறை வரவில்லை. தபால் நிலையத்தில் கழுதை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். மனதார அப்படித்தான் நினைத்தார்.

அந்த மூன்றுக்கும் முன்னால் வந்த கடிதத்தை அவர் படித்திருந்தார். 'நீ கழுதையைப் பத்தி மட்டும்தான் எழுதற அண்ணா. நாங்க உயிரோட இருக்கோமான்னு ஒரு வரி கேட்டா உன் கார்டுல இடம் பத்தாதா?' என்று அதில் இருந்தது. பாப்பா வழக்கம்போல் கிண்டல் பண்ணுகிறாள் என்று சிரித்துவிட்டு, தண்ணீரின் சூட்டைச் சுண்டுவிரலால் பார்க்கப் போனார்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அதை மனைவியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உறை வந்த சத்தம் கேட்டால் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"பாப்பா என்னடா எழுதியிருக்கா?"

"சௌக்கியமாம்மா."

"வேற?"

"எல்லாரையும் கேட்டதாச் சொல்லச் சொன்னா."

அந்த மூன்று வெள்ளைத் தாள்களையும் அவர் அப்படித்தான் படித்துக் காட்டியிருந்தார்.

"தந்தி கேட்டீங்களே," என்றாள் மனைவி. குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்கு உறைத்தது. "நீங்க அனுப்பற எதையும் இனிமே அவ பிரிச்சுப் பாப்பான்னு நினைக்கிறீங்களா? நேர்ல போங்க. அத்தையை நான் பாத்துக்கறேன். எந்த ஊர்னு மட்டும் கண்டுபிடிங்க."

ஒரு பையில் இரண்டு சட்டை. இலக்கம் விழுந்திருந்த மூன்று தபால்தலைகளையும் டிரேசிங் தாளையும் ஒரு கண்ணாடித்தாள் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பூதக்கண்ணாடியும், அளவெடுக்கிற இரண்டு முள் முனையும் தேய்ந்துபோன பழைய டிவைடரும் அதோடு. போகும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனார். எந்த ரயில் என்பது அப்போதும் தெரியாது. ஸ்டேஷனில் காசைச் சுண்டிப் போட்டுவிடுவேனோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

வார்டில் அன்று சுவர் துடைத்திருந்தார்கள். கட்டில்களின் தலைமாட்டில் மாட்டியிருந்த நம்பர் தகடுகளைக் கழற்றிக் கழுவி, ஆயாம்மா ஒவ்வொன்றாக மறுபடி ஆணியில் மாட்டிக்கொண்டு வந்தாள். அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் மஞ்சள் காகிதம் மாதிரி இருந்தது. மகன் தோளில் பையைப் பார்த்ததும் அதில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"பாப்பாவைக் கூட்டிட்டு வரக் கிளம்பிட்டியா பெரியவனே? எந்த ஊர்ல இருக்காளாம்?"

"அதான்மா… சரியாத் தெரியல."

"தெரியலயா? லெட்டர்ல எழுதியிருப்பாளேடா. மாசா மாசம் எனக்குப் படிச்சுக் காட்டினியே."

படவரைஞர் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி மூணு லெட்டர்ல அவ ஒண்ணுமே எழுதலம்மா. வெறும் தாள். நான் அதைப் பிரிக்கவே இல்ல. தபால்தலையை மட்டும் எடுத்துக்கிட்டேன்."

அம்மா தலையணையிலிருந்து நிமிர்ந்தாள்.

"அப்ப சௌக்கியம்னு சொன்னது?"

"நானாச் சொன்னது."

"எல்லாரையும் கேட்டான்னு சொன்னது?"

"அதுவும்தான்."

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பார். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஆயாம்மா தகடு மாட்டிக்கொண்டிருந்தாள். மகன் மேல் வர வேண்டியதெல்லாம் அவள் மேல் போய் விழுந்தது.

"ஏம்மா! மாட்டறதை ஒழுங்கா மாட்டக் கூடாதா? தலைகீழா நிக்குது பாரு!"

ஆயாம்மா இரண்டு அடி பின்னால் வந்து பார்த்தாள். "எட்டாம் நம்பர் பெட்டு பாட்டி. எட்டுக்கு ஏது தலையும் காலும்? எப்படி மாட்டினாலும் எட்டுதான்."

"எனக்குப் படிப்புதான் இல்ல, கண்ணு இருக்கு. நாலு நாளா அதைப் பாத்துக்கிட்டேதான் படுத்திருக்கேன். நேத்து வரைக்கும் சின்னத் தலை, பெரிய வயிறு, அழகா பொம்மை மாதிரி உக்காந்திருந்துச்சு. இப்ப வயிறு மேல, தலை கீழ. பாத்தாலே எனக்கு மயக்கம் வருது. திருப்பி மாட்டு!"

"நல்ல பாட்டி நீ. எட்டுக்கு வயிறு பாத்திருக்கே!" என்று முனகிக்கொண்டே ஆயாம்மா தகட்டைத் திருப்பி மாட்டினாள். பிறகு அவளே ஒருமுறை நின்று பார்த்து, "அட, ஆமா" என்றாள்.

படவரைஞர் தகட்டைப் பார்த்தார். முப்பது வருஷமாக வரைபடங்களில் எட்டு போடுகிறவர். அவருடைய அலுவலக ஸ்டென்சிலில் எட்டு என்பது ஒரே அளவில் இரண்டு ஓட்டை. அதனால் எட்டுக்கு மேல் கீழ் கிடையாது என்று அவர் கை முடிவு செய்து வைத்திருந்தது. எண்ணாகப் படிக்கத் தெரியாதவளுக்கு அது உருவமாகத் தெரிந்திருக்கிறது.

ஜன்னல் ஓரம் போய், கண்ணாடித்தாள் உறையை வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடிக்குள் முதல் எட்டு வந்தது. மை கசிந்திருந்தாலும் இரண்டு வளையங்களும் தெரிந்தன. டிவைடரின் முனைகளை ஒரு வளையத்தின் அகலத்துக்கு விரித்து, அந்த அளவு மாறாமல் அடுத்த வளையத்தின் மேல் வைத்தார். ஒத்துப்போகவில்லை. ஒரு மயிரிழை மிச்சம் இருந்தது. அடுத்த தலையிலும் அளந்தார், மூன்றாவதிலும் அளந்தார். எல்லா எட்டுகளிலும் அதே பக்கம் சின்னது.

"என்னடா, இப்பவும் கழுதையா?" என்றாள் அம்மா. முகம் இன்னும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

"ஆமாம்மா. எந்த ஊர்னு தெரிஞ்சிடுச்சு."

அம்மா திரும்பினாள். "எப்படி?"

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெளிக்கோடு அடிப்பக்கம் இருக்கும்படி டிரேசிங் தாளை அவள் மடியில் விரித்தார். எட்டின் மேல் வளையம் எப்போதும் கீழ் வளையத்தைவிடச் சின்னது. இந்த முத்திரையில் சின்ன வளையம் வெளிக்கோட்டுக்கு எதிர்ப்பக்கம், உள்ளே பார்த்து இருக்கிறது. ஆகவே இலக்கங்களின் தலை உள்ளே, கால் வெளிக்கோட்டில். எண் முத்திரையின் கீழ்ப் பாதியில் இருக்கிறது, தாளை இப்படியேதான் படிக்க வேண்டும். 6818. வடக்கே போகிற ரயில்.